பாஸ்தா எ ஃபஜோலி: கிரீம் ஊற்றாமல் குழையும் இத்தாலிய சூப்

நம் ஊர் உணவகங்களில் 'கிரீம் ஆஃப்' என்று தொடங்கும் எந்தச் சூப்பை வாங்கினாலும், அதன் கெட்டித்தன்மை பெரும்பாலும் இரண்டு பொருள்களிலிருந்தே வந்திருக்கும்: கரைத்து ஊற்றிய கார்ன்ஃப்ளார், கடைசியில் சேர்த்த பாக்கெட் கிரீம். அந்தப் பழக்கத்தில்தான், இத்தாலிய சூப்பை வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களும் முதல் வேலையாகக் கிரீம் வாங்கி வைக்கிறார்கள். அந்தப் பாக்கெட்டைக் கடையிலேயே விட்டுவிட்டு வரலாம். இத்தாலிய வீடுகளில் இரவுச் சாப்பாடாகவே குடிக்கப்படும், வயிறு நிறைக்கும் கெட்டியான சூப்புகள் பலவற்றில் ஒரு சொட்டுக் கிரீம்கூடக் கிடையாது. பயறு, பாஸ்தா அல்லது பழைய ரொட்டி, ஆலிவ் எண்ணெய் ஆகியவையே அவற்றுக்குக் குழைவைக் கொடுக்கின்றன. அது எப்படி நடக்கிறது என்று ஒருமுறை புரிந்துவிட்டால், செய்முறைக் குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய தேவையே இருக்காது.

இந்தச் சூப்புகளில் மிக எளியதும், என் கணிப்பில் மிகச் சுவையானதும் பாஸ்தா எ ஃபஜோலி. பாஸ்தாவும் பயறும் என்பதுதான் பெயருக்குப் பொருள். வடக்கே வெனிஸிலிருந்து தெற்கே நேப்பிள்ஸ் வரை எல்லா ஊரிலும் உண்டு. ஊருக்கு ஊர் கைப்பக்குவம் மாறும். வெனெத்தோ பகுதியில் பயறில் பெரும்பங்கை மசித்துவிடுவார்கள். பன்றிக் கொழுப்போ தோலோ சேரும், தக்காளி அவ்வளவாகச் சேராது. டஸ்கனியில் ரோஸ்மேரியும் சேஜ் இலையும் மணக்கும். வெந்த பயறைச் சல்லடையில் தேய்த்துத் தோலை நீக்கும் வழக்கமும் அங்கே உண்டு. அந்த ஊர்க்காரர்களுக்குப் 'பயறு தின்னிகள்' என்ற பட்டப்பெயரே உண்டு. நேப்பிள்ஸில் தக்காளியும் கொஞ்சம் மிளகாயும் போட்டு, நட்டுவைத்த கரண்டி சாயாத அளவுக்குக் கெட்டியாக இறக்குவார்கள். கடலோர ஊர் என்பதால் சிலர் அதில் மட்டி வகைச் சிப்பியும் சேர்ப்பார்கள். அங்கிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனவர்களோடு 'பாஸ்தா ஃபசூல்' என்ற பேச்சுவழக்குப் பெயரும் கப்பலேறியது. டீன் மார்ட்டின் 1953-இல் பாடிப் புகழ்பெற்ற 'தட்ஸ் அமோரே' பாட்டில் அந்தப் பெயர் வருகிறது.

கிரீம் சேர்த்த 'இத்தாலிய' சூப்புகளும் இருக்கின்றன, இல்லை என்று சொல்ல முடியாது. உருளைக்கிழங்கு, பன்றி இறைச்சி சாசேஜ், கீரை, கிரீம் எல்லாம் சேர்த்து 'சுப்பா தோஸ்கானா' என்ற பெயரில் பரிமாறப்படுவது அமெரிக்க உணவகங்களில் பிரபலமான சூப். ருசியானதுதான். ஆனால் டஸ்கனியில் ஒரு வீட்டுக்குப் போய் அந்த ஊர் சூப் கேட்டால் பயறும் கீரையும் ரொட்டியும்தான் வரும்.

இந்தப் பயறு இத்தாலிக்கே வந்தேறிய பயிர் என்பது பலருக்குத் தெரியாது. இன்று இந்தச் சூப்புக்குப் போடும் பொர்லோத்தி, கன்னெல்லீனி இரண்டுமே ராஜ்மா இனத்தைச் சேர்ந்தவை. நாம் பொரியலுக்கு நறுக்கும் பீன்ஸும் அதே இனம்தான். காய் முற்றினால் உள்ளே இருப்பது இந்த விதைதான். இவை அமெரிக்கக் கண்டத்திலிருந்து 16-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு வந்தன. பெல்லூனோ ஊர்க்காரரான பியேரியோ வலேரியானோ என்ற அறிஞருக்கு 1530-களின் தொடக்கத்தில் போப் ஏழாம் கிளெமென்ட் கொஞ்சம் விதை கொடுத்தார் என்றும், அவர் அதைத் தம் மலையூருக்குக் கொண்டுபோய் விதைத்தார் என்றும் அந்தப் பகுதியில் சொல்வார்கள். அவர் இந்தப் பயறைப் பற்றி லத்தீனில் ஒரு கவிதையே எழுதியிருக்கிறார். அந்த மலைப்பகுதியில் விளையும் லாமோன் பயறுக்கு இன்று ஐரோப்பியப் புவிசார் குறியீடு உண்டு. தோல் மெலிந்த பயறு என்பதால் இந்தச் சூப்புக்கு அதைத்தான் தேடி வாங்குகிறார்கள்.

அதற்கு முன்பு இத்தாலியர்கள் என்ன பயறு சாப்பிட்டார்கள்? ரோமானியர் காலத்திலிருந்தே அங்கே இருந்தது ஆப்பிரிக்க வழி வந்த ஒரு பயறு. நம் சமையலறையில் அதற்குப் பெயர் காராமணி. அன்னிபாலே கராச்சி 1580-களில் தீட்டிய 'பயறு உண்பவன்' ஓவியம் ரோம் நகரத்துக் கொலோன்னா காட்சிக்கூடத்தில் இருக்கிறது. வைக்கோல் தொப்பி போட்ட ஓர் உழைப்பாளி, கரண்டியை வாய்க்கு அருகே கொண்டுபோன நிலையில் நம்மைப் பார்க்கிறான். அவன் முன்னாலிருக்கும் கிண்ணத்தில் கறுப்புக் கண் தெரியும் பயறு, அதாவது காராமணி. பக்கத்தில் ரொட்டி, வெங்காயத்தாள், ஒரு குவளை ஒயின். கையில் கிடைத்ததை வைத்து ஒருவேளைப் பசியைத் தீர்க்கும் சாப்பாடு அது. பாஸ்தா எ ஃபஜோலியும் அதே குடும்பம்தான். ஆகவே ராஜ்மா கிடைக்காத அன்று காராமணி போட்டுச் செய்தால் அது குறுக்கு வழி ஆகாது, இன்னும் பழைய வழி.

குழைவு எங்கிருந்து வருகிறது

உலர்ந்த ராஜ்மாவில் மாவுச்சத்து நிறைய இருக்கிறது, புரதமும் இருக்கிறது. ஆனால் மாவுச்சத்து முழுதும் விதையின் செல்களுக்குள்ளே அடைபட்டுக் கிடக்கிறது. வேகும்போது அது நீரை உறிஞ்சி உப்பும். செல் சுவர் மட்டும் அப்படியே நிற்கும். அதனால்தான் நன்றாக வெந்த முழுப்பயறைப் போட்ட சூப்பில் பயறு மெத்தென்றும் சாறு தண்ணீராகவும் தனித்தனியே இருக்கின்றன. பயறை நசுக்கினால் செல்கள் உடைந்து உப்பிய மாவுச்சத்தும் புரதமும் சாற்றில் கலக்கும். சாறு கனத்து, நாக்கில் படியத் தொடங்கும். பருப்பு கடைந்தவர்கள் கையாலேயே அறிந்த உண்மை இது.

இரண்டாவது பங்கு பாஸ்தாவுடையது. பாஸ்தாவைத் தனிப் பாத்திரத்தில் வேகவைத்து வடித்துச் சேர்த்தால், அது வெளியிட்ட மாவுச்சத்து எல்லாம் வடித்த நீரோடு போய்விடும். சூப்புக்குள்ளேயே போட்டு வேகவைத்தால் அந்த மாவுச்சத்து உள்ளேயே தங்கும். பாஸ்தா தனக்கு வேண்டிய நீரையும் சூப்பிலிருந்தே இழுத்துக்கொள்வதால் இருபக்கத்திலும் சூப் கெட்டிப்படுகிறது.

மூன்றாவது, எண்ணெய். தெளிந்த நீரில் எண்ணெய் மிதக்கும். மாவுச்சத்தும் பயறுப் புரதமும் கலந்த நீரில் எண்ணெயை ஊற்றி வேகமாகக் கிளறினால், எண்ணெய் நுண்ணிய துளிகளாகச் சிதறும். மறுபடி ஒன்றுசேர முடியாமல் மாவும் புரதமும் அவற்றைத் தடுத்து நிறுத்தும். கிரீமும் அடிப்படையில் இதே அமைப்புதான், நீருக்குள் சிதறி நிற்கும் கொழுப்புத் துளிகள். பாலிலிருந்து எடுப்பதற்குப் பதிலாக நாம் பானைக்குள்ளேயே அதை உண்டாக்கிக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

இப்படிச் செய்வதில் ஒரு நடைமுறை லாபமும் இருக்கிறது. தக்காளி போட்ட சூப்பில் கிரீம் ஊற்றியதும் திரிந்துபோய்ப் பொரிப்பொரியாக நிற்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். தக்காளியின் புளிப்பும் சூடும் சேர்ந்து பால் புரதத்தை உறைய வைக்கின்றன. கொழுப்பு அதிகமான கிரீம் இதைத் தாக்குப்பிடிக்கும். நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 25 சதவீதக் கொழுப்பு உள்ள பாக்கெட் கிரீம். அது சீக்கிரம் திரியும். பயறின் குழைவுக்கு இந்தப் பயம் இல்லை. தக்காளியோடு எவ்வளவு நேரம் கொதித்தாலும் அது பிரியாது.

என்னென்ன வாங்குவது

நான்கு பேருக்குச் செய்வதாக வைத்துக்கொள்வோம். 250 கிராம் ராஜ்மா வேண்டும். கருஞ்சிவப்பு ராஜ்மாவைவிட, வெளிர் நிறத்தில் சிவப்புப் புள்ளி தெறித்த சித்ரா ராஜ்மா பொர்லோத்திக்கு மிக நெருக்கம். தோல் மெலிந்தது, நன்றாக மசியும். வெள்ளை ராஜ்மா கிடைத்தால் டஸ்கனிப் பக்குவத்துக்குப் பொருந்தும். எந்த வகையானாலும் புதிய சரக்காகப் பார்த்து வாங்க வேண்டும். கடையில் ஆண்டுக்கணக்கில் கிடந்த பயறு எத்தனை விசில் விட்டாலும் முரடாகவே நிற்கும்.

பாஸ்தா 150 கிராம். சூப்புக்கென்றே டிட்டலீனி, துபெத்தி என்ற குட்டிக் குழல்கள் உண்டு. அவை கிடைக்காவிட்டால் சிறிய மக்ரோனி போதும்; ஸ்பகெட்டியை ஒரு துணியில் சுற்றி ஒரு அங்குலத் துண்டுகளாக உடைத்துப் போட்டாலும் சரியே. இது சமாளிப்பு இல்லை. நேப்பிள்ஸில் பாஸ்தாவைச் சில்லறையாக நிறுத்து விற்ற காலத்தில், பெட்டிகளின் அடியில் தங்கும் உடைசல்களையெல்லாம் கலந்து மலிவாகக் கொடுப்பார்கள். ஏழைகள் அதை வாங்கி இந்தச் சூப்பில் போட்டார்கள். குழலும் பட்டையும் நூலுமாக ஒரே வாயில் வந்து விழும் அந்தக் கலவை ஊருக்கே பிடித்துப்போனதால், இன்று பாஸ்தா நிறுவனங்கள் 'பாஸ்தா மிஸ்தா' என்று அதை வேண்டுமென்றே கலந்து பாக்கெட் போடுகின்றன. வடிவம் எதுவானாலும் பாக்கெட்டில் டியூரம் கோதுமை ரவை என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். மைதாவில் செய்த மலிவு பாஸ்தா இந்தச் சூப்பில் கரைந்து களியாகிவிடும்.

பெரிய வெங்காயம் ஒன்று, கேரட் ஒன்று, செலரித் தண்டு ஒன்று. பூண்டு ஐந்து பல். நன்கு பழுத்த தக்காளி இரண்டு. ஒரு காய்ந்த மிளகாய். ரோஸ்மேரி ஒரு கொத்து. நீலகிரியில் விளைவது இப்போது ஊர்க் கடைகளுக்கும் வருகிறது, காய்ந்ததென்றால் அரைத் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். பிரியாணி இலை ஒன்று.

ஆலிவ் எண்ணெய் விஷயத்தில் கொஞ்சம் கவனம் தேவை. கடையில் ஒரே அலமாரியில் மூன்று நான்கு வகை இருக்கும். 'எக்ஸ்ட்ரா வெர்ஜின்' என்பது ஆலிவ் காயை அரைத்துப் பிழிந்த எண்ணெய். கசப்பும் காரமும் பச்சை வாசனையும் உடையது. 'பொமேஸ்' என்பது பிழிந்த சக்கையிலிருந்து கரைப்பான் மூலம் எடுத்துச் சுத்திகரித்தது. அதில் இந்த வாசனை இருக்காது. சூப்பின் மேலே கடைசியில் விடும் எண்ணெய் கட்டாயம் எக்ஸ்ட்ரா வெர்ஜினாக இருக்க வேண்டும், ஏனென்றால் அங்கே எண்ணெய்தான் வாசனைப் பொருள். விலை கையைக் கடித்தால், வதக்குவதற்குச் சூரியகாந்தி எண்ணெயை வைத்துக்கொண்டு, சின்னப் புட்டி எக்ஸ்ட்ரா வெர்ஜினை மேலே விடுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். செக்கு நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் தம் மணத்தால் மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும். இந்தப் பானைக்கு அவை வேண்டாம். இஞ்சி, கறிவேப்பிலை, கரம் மசாலாவுக்கும் அதையேதான் சொல்வேன். அவற்றைச் சேர்த்தால் கிடைப்பது நல்ல ராஜ்மா குழம்பு. ராஜ்மா குழம்பு செய்ய நமக்கு வேறு நாள்கள் இருக்கின்றன.

ஊறலும் வேக்காடும்

ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி உப்பைக் கரைத்து ராஜ்மாவை இரவு முழுதும் ஊறவிடுங்கள். உப்பு போட்டால் பயறு வேகாது என்று பல வீடுகளில் நம்புகிறார்கள். நடப்பது அதற்கு நேர் எதிர். பயறின் தோலை இறுக்கிப் பிடித்திருப்பவற்றில் கால்சியமும் மெக்னீசியமும் முக்கியமானவை. ஊறும்போது உப்பிலுள்ள சோடியம் அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ள, தோல் இளகுகிறது. வேகும்போது வெடித்துச் சிதறாமல் மெத்தென்று ஆகிறது. ஆழ்குழாய்க் கிணற்று உப்புத்தண்ணீர் புழங்கும் வீடுகளில் பயறு வேக அடம்பிடிப்பதும் கால்சியத்தால்தான். அந்த வீடுகளில் ஊறவைக்கவும் வேகவைக்கவும் குடிநீரையே பயன்படுத்துவது நல்லது. வேக்காட்டை உண்மையில் தடுப்பது புளிப்பு. அதனால் பயறு முழுதாக வெந்த பிறகுதான் தக்காளி அதைச் சந்திக்க வேண்டும்.

ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, பயறைக் கழுவி, குக்கரில் ஒன்றேகால் லிட்டர் புதுத் தண்ணீர், பிரியாணி இலை, தட்டிய இரண்டு பல் பூண்டு, அரைத் தேக்கரண்டி உப்பு சேர்த்து வையுங்கள். குக்கர் பாதிக்கு மேல் நிரம்பக் கூடாது. பயறு நுரைத்து வால்வை அடைக்கும். முதல் விசில் வந்ததும் தீயைத் தணித்து 15 முதல் 20 நிமிடம் வைத்து, ஆவி தானாக அடங்கும்வரை விடுங்கள். திறந்து ஒரு பயறை எடுத்து நாக்கால் மேலண்ணத்தில் அழுத்திப் பாருங்கள். எதிர்ப்பில்லாமல் நசுங்க வேண்டும். நடுவில் கொஞ்சம் மாவுத்தன்மை தட்டினாலும் இன்னும் ஐந்து நிமிடம் வைக்க வேண்டியதுதான். அரைவேக்காட்டுப் பயறை எவ்வளவு மசித்தாலும் திப்பியாகத்தான் இருக்கும்.

இதில் உடல்நலம் சார்ந்த ஒரு விஷயமும் இருக்கிறது. பச்சை ராஜ்மாவில் இயற்கையாகவே ஒரு நச்சுப் புரதம் உண்டு. நான்கைந்து பச்சை விதைகளே கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கப் போதுமானவை. நன்றாகக் கொதித்தால் அது அழிந்துவிடும். ஊறவைத்து, நீரை மாற்றி, 30 நிமிடமாவது கொதிக்கவிட வேண்டும் என்பது அமெரிக்க உணவு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அறிவுரை. பிரஷர் குக்கர் கொதிநிலையைத் தாண்டிய சூட்டில் வேகவைப்பதால் கவலையில்லை. மெதுவாக வேகும் ஸ்லோ குக்கரில் பச்சை ராஜ்மாவை நேரடியாகப் போடுவதுதான் ஆபத்து; அது அந்தச் சூட்டை எட்டாமலே போகலாம்.

வெந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள். சூப்பின் சாறே அதுதான்.

அடுப்பில் சேர்க்கும் வரிசை

வெங்காயம், கேரட், செலரி மூன்றையும் மிகப் பொடியாக நறுக்கிக்கொள்ளுங்கள். கனமான அடிப் பாத்திரத்தில் மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, மூன்றையும் ஒருசேரப் போட்டு, ஒரு சிட்டிகை உப்புடன் குறைந்த தீயில் 15 நிமிடம் வதக்க வேண்டும். இத்தாலியச் சமையலில் இதற்குச் சோஃப்ரீத்தோ என்று பெயர். எத்தனையோ சூப்புகளும் சாஸ்களும் அங்கே இப்படித்தான் தொடங்குகின்றன. நம் தாளிப்பு சில நொடிகளில் முடிவது, சூட்டைக் கேட்பது. இது பொறுமையைக் கேட்பது. காய்கள் சிவக்கக் கூடாது, கருகக் கூடாது. சத்தமே அதிகம் எழாமல் வெந்து, நிறம் மங்கி, இனிப்பேறி, எண்ணெயோடு ஒன்றாக வேண்டும். தீயை ஏற்றி ஐந்து நிமிடத்தில் முடித்தால் வெங்காயம் பொன்னிறமாகிக் குழம்பு வாசனை வந்துவிடும். இந்தச் சூப்பில் எங்காவது நேரம் செலவழிக்க வேண்டுமென்றால் இந்த இடத்தில் செலவழியுங்கள்.

பிறகு நறுக்கிய மீதிப் பூண்டு, ரோஸ்மேரி, கிள்ளிய மிளகாய் ஆகியவற்றைச் சேர்த்து வாசனை எழும்வரை ஒரு நிமிடம். தோல் நீக்கி நசுக்கிய தக்காளியைச் சேர்த்து, பச்சை வாடை போய் எண்ணெய் ஓரத்தில் பிரியும்வரை பத்து நிமிடம்.

இப்போது பயறு. வெந்த பயறில் பாதியை எடுத்து, கொஞ்சம் வெந்த நீருடன் மசித்துக்கொள்ளுங்கள். மத்தால் கடைந்தால் அங்கங்கே துண்டு தட்டும் நாட்டுப்புறப் பதம் வரும். மிக்சியில் அடித்தால் வழவழப்பாக வரும். சல்லடையில் தேய்த்தால் தோல் நீங்கி இன்னும் மிருதுவாகும். எனக்குப் பிடித்தது மிக்சியில் அடித்துச் சல்லடையில் ஒருமுறை ஓட்டியது. முழுதையும் மசித்துவிட வேண்டாம். மெத்தென்ற சாற்றுக்கு நடுவே முழுப்பயறு பல்லில் படுவதுதான் இதன் சுகம். மசித்ததையும் முழுப்பயறையும் மீதி நீரையும் பாத்திரத்தில் சேர்த்து, தேவைக்குச் சூடான தண்ணீர் விட்டு, மொத்தம் கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர் இருக்கும்படி பார்த்து, மிதமான தீயில் 20 நிமிடம் கொதிக்கவிடுங்கள். பாஸ்தா போடும் முன் சூப் நீங்கள் விரும்புவதைவிட நீர்த்து இருக்க வேண்டும். அந்த உபரி நீர் பாஸ்தாவுக்கு உரியது.

இந்த 20 நிமிடத்தில் பானைக்குள் போட வேண்டிய ஒன்று, பார்மிஜானோ சீஸின் மேல்தோல். துருவித் துருவி மிஞ்சும் அந்தக் கெட்டி ஓரத்தை இத்தாலியர்கள் எறிவதில்லை. அது மெழுகோ பூச்சோ இல்லை, காற்றுப்பட்டுக் காய்ந்த சீஸ்தான். குறைந்தது 12 மாதம் பதப்பட்ட அந்தச் சீஸில் புரதம் சிதைந்து குளுட்டமேட் நிறைய உருவாகியிருக்கும். கொதியில் அது சாற்றுக்குள் இறங்கி, இறைச்சி போடாத சூப்புக்கு ஆழமான ருசியைக் கொடுக்கும். தோலைக் கழுவி, வெளிப்புறத்தைக் கத்தியால் லேசாகச் சுரண்டிவிட்டுப் போடுங்கள். கொடா போன்ற சீஸ்களின் மேல் இருக்கும் சிவப்பு, மஞ்சள் மெழுகுத் தோலைப் போடக் கூடாது. அது உண்ணத் தக்கதல்ல.

சைவம் உண்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். உண்மையான பார்மிஜானோ ரெஜானோவில் பாலை உறைய வைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னட்டைத்தான் சேர்க்கிறார்கள். அந்தச் சீஸுக்கான விதியே அதுதான். நுண்ணுயிர் ரென்னட்டில் செய்த பார்மேசான் வகைச் சீஸ்கள் பச்சைக் குறியுடன் இங்கே கிடைக்கின்றன, அவை போதும். சீஸே வேண்டாம் என்றாலும் இந்தச் சூப் குறைபடாது. தென் இத்தாலியில் சீஸ் வாங்க வசதியில்லாதவர்கள் பழைய ரொட்டியைப் பொடித்து ஆலிவ் எண்ணெயில் முறுகலாக வறுத்துத் தூவிக்கொண்டார்கள். இந்தக் குழைந்த சூப்பின் மேல் அந்த மொறுமொறுப்பு மிக நன்றாக இருக்கும்.

கடைசியில் உப்புப் பார்த்து, பாஸ்தாவைப் போடுங்கள். இதன் பிறகு அடுப்பைவிட்டு நகரக் கூடாது. மாவுச்சத்து அடியில் படிந்து பிடிக்கும்; மரக்கரண்டியால் அடியைத் தடவித் தடவிக் கிளற வேண்டும். மிகக் கெட்டியானால் கொதிநீர் சிறிது. பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே இறக்கிவிடுங்கள், சூட்டிலேயே மீதி வெந்துவிடும். இறக்கியதும் இரண்டு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய் விட்டு வேகமாக ஒரு கிளறு கிளறுங்கள். சூப்பின் நிறம் வெளுத்து, பளபளப்பேறி, கரண்டியிலிருந்து தாராகப் படிந்து விழும். நாம் தேடிய குழைவு இதுதான். மூடி பத்து நிமிடம் விட்டுவிட வேண்டும். கொதிக்கக் கொதிக்கக் குடித்தால் இதன் சுவை தெரியாது. வெதுவெதுப்பில்தான் பயறின் இனிப்பு வெளிப்படும். கிண்ணத்தில் ஊற்றி, மேலே இன்னும் கொஞ்சம் எண்ணெய், அப்போது பொடித்த மிளகு, துருவிய சீஸ்.

இதே வழியில் வேறு பானைகள்

ராஜ்மாவுக்குப் பதில் வெள்ளைக் கொண்டைக்கடலையைப் போட்டால் அது பாஸ்தா எ செசி. இது இன்னும் பழமையானது. ரோமானியக் கவிஞர் ஹோரஸ், ஏசு பிறப்பதற்கு முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, மாலையில் வீடு திரும்பி வெங்காயத்தாள் இனக் கீரையும் கொண்டைக்கடலையும் மாவுப் பட்டையும் சேர்ந்த சாப்பாட்டை உண்பதை எழுதியிருக்கிறார். கொண்டைக்கடலையின் தோல் தடித்தது என்பதால் மசிப்பதற்கு முன் சல்லடை அவசியம். ரோஸ்மேரியும் பூண்டும் போதும், கேரட், செலரி இல்லாமலே செய்யலாம். இத்தாலியின் குதிகால் பகுதியான சலென்தோவில் பாஸ்தாப் பட்டைகளில் ஒரு பங்கை எண்ணெயில் பொரித்து மேலே போடுவார்கள். பாதி மெத்தென்றும் பாதி மொறுமொறுவென்றும் வரும் அந்தக் கிண்ணத்துக்குச் சிச்செரி எ த்ரியா என்று பெயர். பட்டை பாஸ்தா கிடைத்தால் கட்டாயம் செய்து பாருங்கள்.

பாஸ்தாவுக்குப் பதிலாக ரொட்டி போட்டால் டஸ்கனியின் ரிபொல்லீத்தா. வெள்ளைப் பயறை மேலே சொன்னபடி பாதி மசித்து, கருங்கீரை, முட்டைக்கோஸ், கேரட் எல்லாம் சேர்த்துச் சூப் காய்ச்சி, காய்ந்த ரொட்டித் துண்டுகளை அடுக்கி ஊறவிட்டு, மறுநாள் திரும்பக் கொதிக்கவைத்துப் பரிமாறுவார்கள். ரொட்டி கரைந்து சூப்பே கரண்டியால் வெட்டி எடுக்கும் பதத்துக்கு வந்துவிடும். நம் பேக்கரிகளில் கிடைக்கும் இனிப்பான பால் ரொட்டி இதற்கு ஆகாது, சுவையே கெடும். டஸ்கனி ரொட்டியில் உப்புகூடக் கிடையாது. சர்க்கரை சேராத, மேல்தோல் கெட்டியான ரொட்டி கிடைத்தால் மட்டும் இதில் இறங்கலாம்.

மிச்சம் வைப்பதானால், பாஸ்தா சேர்க்கும் முன்பே அந்தப் பங்கைத் தனியாக எடுத்துவிடுங்கள். பயறுச் சாறு மட்டும் குளிர்பதனப் பெட்டியில் மூன்று நாள் நன்றாக இருக்கும். உறைநிலைப் பெட்டியில் இரண்டு மூன்று மாதம் தாங்கும். தேவைப்படும் அன்று சூடாக்கித் தண்ணீர் சேர்த்து, புதிதாகப் பாஸ்தா போட்டு வேகவைத்தால் போதும். ஏற்கெனவே பாஸ்தா சேர்ந்த சூப் மிஞ்சினால், இரவுக்குள் அது எல்லா நீரையும் குடித்து இறுகியிருக்கும். நேப்பிள்ஸ்காரர்கள் பலர் அந்த நிலையைத்தான் விரும்பிச் சாப்பிடுகிறார்கள். சூப்பாகவே வேண்டும் என்றால் அரைக் குவளை வெந்நீர் விட்டு, குறைந்த தீயில் அடி பிடிக்காமல் கிளறிச் சூடாக்கி, மேலே புதிதாக எண்ணெய் விட்டுக்கொள்ளுங்கள்.